கோழிக்குப் பூச்சி மருந்து: முட்டையை எத்தனை நாள் தள்ளி வைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் கேள்வி-பதில் பகுதியில் அண்மையில் ஒரு வாசகர், வீட்டில் வளர்க்கும் முட்டைக்கோழிகளுக்குக் குடற்புழு மருந்து கொடுத்தால் அந்த முட்டையைச் சாப்பிடலாமா என்று கேட்டிருந்தார். "ஒரு வாரம் கழித்துச் சாப்பிடலாம்" என்று ஒரே வரியில் பதில் வந்திருந்தது. எந்த மருந்து என்று கேள்வியிலும் இல்லை, பதிலிலும் இல்லை. அதற்கு மறுப்பாக இன்னொருவர், மருந்து கொடுத்த கோழியின் முட்டை விஷம், கோழிக்குப் பூச்சி மருந்தே கொடுக்கக் கூடாது என்று எழுதியிருந்தார். பல ஆண்டுகளாகக் கொல்லையில் கோழி வளர்த்து, முட்டையை வீட்டுக்கும் வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்துக்கும் கொடுத்து வருகிறவள் நான். இந்த இரண்டு பதிலில் எதை நம்பி நடந்தாலும் ஆபத்து என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் புழுவைப் பற்றிய பயத்தைச் சொல்லிவிடுகிறேன். கோழியின் சிறுகுடலில் இருக்கும் பெரிய உருண்டைப்புழுவின் பெயர் அஸ்காரிடியா காலி. வெள்ளையாக, தடித்த நூல் போல, விரல் நீளத்துக்கு வளரும். இது பறவைகளின் குடலில் வாழும் புழு. மனிதர் வயிற்றில் வரும் உருண்டைப்புழு வேறு இனம். கோழியின் புழு முட்டை வழியாக நமக்குத் தொற்றாது. எப்போதோ ஒரு தடவை, குடல் நிறையப் புழு சேர்ந்த கோழியில், ஒரு புழு எச்சத்துவாரம் வரை இறங்கி வந்து அங்கிருந்து முட்டைக்குழாய்க்குள் ஏறிவிடும். குடலும் முட்டைக்குழாயும் ஒரே வாசலில்தான் வந்து சேர்கின்றன. அப்படி ஏறிய புழுவையும் சேர்த்து வெள்ளைக்கரு மூடி, மேலே ஓடும் கட்டி, முட்டைக்குள்ளேயே புழு வந்துவிடும். மிக அரிதாக நடப்பது. பார்த்தவர்களுக்குக் குமட்டும், அந்த முட்டையைக் கொட்டிவிட வேண்டியதுதான். ஆனால் அதற்காக வீட்டிலுள்ள மற்ற முட்டைகளையெல்லாம் குப்பையில் போட வேண்டியதில்லை. அந்தக் கோழிக் கூட்டத்தில் புழு அளவு மீறியிருக்கிறது, உடனே கவனிக்க வேண்டும் என்பதற்கு அது அடையாளம்.

"முட்டைக்குள் புழு" என்று என்னிடம் கொண்டுவந்து காட்டியவர்கள் பெரும்பாலும் காட்டியது புழுவே இல்லை. மஞ்சள் கருவின் இரண்டு பக்கமும் வெள்ளையாக முறுக்கிக்கொண்டு ஒரு கயிறு இருக்கும். மஞ்சள் கருவை முட்டையின் நடுவில் பிடித்து நிறுத்துவது அதுதான். முட்டை புதிதாக இருக்கும்போது நன்றாகவே தெரியும். சந்தேகம் வந்தால் ஒரு குச்சியால் தூக்கிப் பாருங்கள். இந்தக் கயிறு கொழகொழவென்று நெகிழும், ஒரு முனை மஞ்சள் கருவின் மேல் ஒட்டியிருக்கும். புழுவாக இருந்தால் வழுவழுப்பாக, உருண்டையாக, இரண்டு முனையும் கூர்ந்து, எதிலும் ஒட்டாமல் தனியாக வரும்.

சரி, அப்படியானால் மருந்தே வேண்டாமா? வெளியில் மேயும் கோழியின் குடலில் கொஞ்சம் புழு இருக்கத்தான் செய்யும். 1999-ல் வெளியான ஒரு டென்மார்க் ஆய்வில், திறந்தவெளியில் வளர்த்த கோழிகளில் சுமார் 64 சதவீதத்தில் இந்த உருண்டைப்புழு இருந்தது. கூண்டிலேயே அடைத்து வளர்த்தவற்றில் 5 சதவீதம்தான். மண்ணும் எச்சமும் கலந்த இடத்தில் கொத்தித் தின்கிற பறவைக்கு இதிலிருந்து முழுவதுமாகத் தப்ப வழியில்லை. வளர்ந்த, திடமான கோழி ஓரளவு புழுவைத் தாங்கிக்கொள்ளும். மூன்று மாதம் ஆகாத குஞ்சுகள்தான் தாங்காது. புழு பெருகிவிட்டால் பெரிய கோழிக்கும் மார்பெலும்பு கத்திபோலத் துருத்தும், கொண்டை வெளுக்கும், முட்டை குறையும். இன்னும் முற்றினால் புழுக்கள் கயிறு திரித்ததுபோலக் குடலை அடைத்துக் கோழி செத்தே போகும். அந்த நிலைக்குப் போகவிட்டு, முட்டையில் மருந்து சேரக் கூடாது என்று பார்த்துக்கொண்டிருப்பது அந்த உயிருக்குச் செய்யும் கொடுமை. மறுப்பு எழுதிய வாசகரிடம் இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இனி "ஒரு வாரம்" என்ற பதிலுக்கு வருகிறேன். முட்டை உருவாகும் விதத்தைத் தெரிந்துகொண்டால் இந்தக் கேள்வி பாதி தெளிந்துவிடும். மஞ்சள் கரு சினைப்பையை விட்டு வெளியேறியதிலிருந்து முட்டை கூட்டில் விழும்வரை ஒரு நாளைக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். வெள்ளைக்கரு மூடுவதும் ஓடு கட்டுவதும் அந்த ஒரு நாளுக்குள் முடிகிறது. ஆனால் மஞ்சள் கரு அப்படி ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. சினைப்பையில் அது கடைசிப் பத்து நாளைப்போல வேகமாகப் பெருக்கும், அதாவது பருத்துக்கொண்டே வரும், அடுக்கடுக்காகக் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டே. ஒரு முட்டைக்கோழியை அறுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நெல்லிக்காய் அளவில் ஒன்று, அதைவிடச் சிறிதாக ஒன்று, பட்டாணி அளவில் ஒன்று, கடுகு போல எத்தனையோ என்று மஞ்சள் உருண்டைகள் கொத்தாகத் தொங்கும். நாளைக்கு வரப்போகும் முட்டையும் அடுத்த வாரம் வரப்போகும் முட்டையும் இன்றைக்கு ஒன்றாக அந்தக் கொத்தில்தான் இருக்கின்றன. இன்றைக்கு நீங்கள் கொடுக்கும் மருந்து ரத்தத்தில் ஓடும்போது, கொழுப்பில் கரையக்கூடிய மருந்தாக இருந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் எல்லா உருண்டைகளிலும் கொஞ்சம் கொஞ்சம் படிந்துவிடும். ரத்தத்தில் மருந்து தீர்ந்த பிறகும் முட்டையில் சில நாள் வந்துகொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம். எவ்வளவு நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறும், கொடுத்த அளவுக்குத் தக்கபடியும் மாறும்.

அந்த ஒரு வாரக் கணக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. இந்தியாவில் 2012-ல் மருந்து விதிகளில் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கான மருந்தின் மேல், கொடுத்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பாலையோ முட்டையையோ இறைச்சியையோ பயன்படுத்தலாம் என்பதை அச்சிட வேண்டும். அந்தக் காலம் ஆய்வில் உறுதிசெய்யப்படாத மருந்தாக இருந்தால், முட்டைக்கும் பாலுக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்குக் குறைந்தது 28 நாள் என்று வைக்க வேண்டும். விதியில் இருப்பது "குறைந்தது" ஏழு நாள். வாய்வழியாகப் பரவும்போது அந்தக் "குறைந்தது" உதிர்ந்துபோய், எந்த மருந்துக்கும் எந்த அளவுக்கும் ஏழு நாள் போதும் என்று ஆகிவிட்டது.

இன்னொரு பக்கம் "காத்திருக்கவே வேண்டாம்" என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பதும் உண்மையின் ஒரு பாதிதான். ஃபென்பெண்டசோல் என்ற மருந்தை முட்டைக்கோழிகளுக்குக் குடிநீரில் கலந்து கொடுக்க அமெரிக்காவில் 2018-ல் அனுமதி கொடுத்தார்கள், முட்டைக்குக் காத்திருப்புக் காலம் பூஜ்யம் நாள் என்று போட்டு. ஐரோப்பாவிலும் அப்படியே. ஆனால் அந்தப் பூஜ்யம் எதற்குப் பொருந்தும் என்று பார்க்க வேண்டும். தண்ணீரில் கலப்பதற்கென்றே மிக நுண்ணியதாக அரைத்துச் செய்த ஒரு தயாரிப்புக்கு, கோழியின் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1 மில்லிகிராம் வீதம், ஐந்து நாள் கொடுத்தால் மட்டும். முட்டையில் மருந்தே இருக்காது என்றும் அதற்குப் பொருள் கிடையாது. இருக்கும் அளவு, அனுமதித்த வரம்புக்குள் அடங்கிவிடும் என்பதே பொருள். ஐரோப்பாவில் ஃபென்பெண்டசோலுக்கு அந்த வரம்பு ஒரு கிலோ முட்டைக்கு 1.3 மில்லிகிராம். ஓடு நீக்கிய ஒரு முட்டை 50 கிராம் என்று வைத்துக்கொண்டால், ஒரு முட்டையில் அதிகபட்சம் 0.065 மில்லிகிராம். மனிதர்கள் பூச்சிக்குச் சாப்பிடும் அல்பெண்டசோல் இதே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வழக்கமான மாத்திரையில் இருப்பது 400 மில்லிகிராம். விஷம் என்று எழுதிய வாசகர் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுகிறேன்.

இப்போது நம் கையில் உண்மையில் என்ன மருந்து இருக்கிறது என்று பாருங்கள். பத்துக் கோழி வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஆடு மாடுகளுக்கான பாட்டில். ஃபென்பெண்டசோல் 10 சதவீதத் திரவ மருந்து என்றால் ஒரு மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் மருந்து. இரண்டு கிலோ கோழிக்கு மேலே சொன்ன கணக்கில் ஒரு நாளைக்கு வேண்டியது 2 மில்லிகிராம், அதாவது 0.02 மில்லிலிட்டர். சொட்டுக்குழாயிலிருந்து விழும் ஒரே ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மில்லிலிட்டர் இருக்கும். ஒரு சொட்டே இரண்டு மடங்குக்கு மேல். "கோழிக்கு ஒரு மில்லி ஊத்துங்க" என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஊற்றினால் ஐம்பது மடங்கு. அந்தக் கோழியின் முட்டைக்குப் பூஜ்யம் நாள் என்ற கணக்கு எப்படிப் பொருந்தும்? ஏழு நாள் போதும் என்றுதான் யாரால் சொல்ல முடியும்? அந்த அளவுக்கு யாரும் அந்த எண்ணைக் கணக்கிட்டு வைக்கவில்லை. கூடுதல் அளவில் எப்போது கொடுக்க வேண்டும் என்பதையும், அதற்கு எத்தனை நாள் முட்டையை ஒதுக்க வேண்டும் என்பதையும் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

தண்ணீரில் கலப்பதிலும் இதே சிக்கல். ஆடு மாடுகளுக்கான அந்தத் திரவத்தைக் கலக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டால் வெள்ளையாக அடியில் படிந்துவிடும். முதலில் வந்து குடிக்கும் கோழிக்கு வெறும் தண்ணீர், கடைசியில் வரும் கோழிக்கு மொத்த மருந்தும். கூட்டத்தில் மற்ற கோழிகள் கொத்தி விரட்டும் ஒரு நோஞ்சான் எப்போதும் இருக்கும். புழு அதிகமாக இருப்பதும் பெரும்பாலும் அதற்குத்தான், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வர முடியாததும் அதுதான். அதனால் மருத்துவர் ஒவ்வொரு கோழிக்கும் வாய்வழியாகக் கொடுக்கச் சொன்னால் சிரமம் பார்க்காமல் அப்படியே கொடுப்பது நல்லது. துணிப்பையில் கோழியைப் போட்டுத் தொங்கு தராசில் எடை பார்த்துவிடலாம். இருட்டிய பிறகு பிடித்தால் கோழி அலறாது. அலகைத் திறந்தால் நாக்குக்குப் பின்னால் ஒரு சின்ன வாய் திறந்து திறந்து மூடும். அது மூச்சுக்குழல். அதற்குள் மருந்து போய்விட்டால் கோழி மூச்சுத் திணறிச் சாகும். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு, அது விழுங்கும்வரை காத்திருந்து அடுத்த சொட்டு விட வேண்டும்.

மற்ற மருந்துகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பைபரசின் பழைய மருந்து. வளர்ந்த உருண்டைப்புழுவை மட்டும் வெளியேற்றும், குடல் சுவரில் இருக்கும் இளம் புழுவை விட்டுவிடும். ஐரோப்பாவில் முட்டையில் அதற்கு ஒரு வரம்பு வைத்து அனுமதித்திருக்கிறார்கள், அமெரிக்காவில் மனிதர் சாப்பிடும் முட்டையிடும் கோழிக்கு அனுமதியே கிடையாது. ஒரே மருந்துக்கு நாட்டுக்கு நாடு விதி இப்படி மாறும்போது, எங்கோ ஒருவர் சொன்ன நாள் கணக்கு இன்னொரு இடத்துக்குச் செல்லாது. ஐவர்மெக்டினைப் பேனுக்கும் செள்ளுக்கும் என்று கழுத்தில் விடுகிறார்கள். கொழுப்பில் கரைவது, மஞ்சள் கருவில் தங்குவது. அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ முட்டைக்கோழிக்கு அதற்கு அனுமதி இல்லை. அல்பெண்டசோலும் முட்டைக்கோழிக்கென்று வந்த மருந்து இல்லை. விலங்குகளில் செய்த சோதனைகளில் அது கருவைப் பாதித்திருக்கிறது, அதனால்தான் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் பெண்களுக்கு அதைத் தவிர்க்கிறார்கள். ஒரு முட்டையில் வரும் அளவு மாத்திரையின் அளவுக்கு அருகில் கூட வராதுதான். ஆனாலும் கர்ப்பிணிக்குக் கொடுக்கும் முட்டையில் இந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் கொடுக்க எனக்கு மனம் வராது. நாடாப்புழுவாக இருந்தால் இவற்றில் பலவும் சரியாக வேலை செய்யாது. எச்சத்தில் அரிசி போன்ற தட்டையான துண்டுகள் தெரிந்தால் அது நாடாப்புழுவாக இருக்கலாம். எறும்பு, வண்டு, நத்தை வழியாக வருவது. அதற்கு மருந்தே வேறு.

எந்தப் புழு என்று தெரியாமல் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதைவிட, எச்சத்தைச் சோதித்துவிட்டுக் கொடுப்பது எவ்வளவோ மேல். நாலைந்து கோழிகளின் புது எச்சத்தை ஒரு சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு போனால், கால்நடை ஆய்வகத்தில் உப்புக் கரைசலில் கலக்கி, மேலே மிதக்கும் புழு முட்டைகளை நுண்ணோக்கியில் எண்ணிச் சொல்வார்கள். பல சமயம் "இப்போதைக்கு மருந்து தேவையில்லை" என்றே பதில் வரும். அப்போது முட்டையை ஒதுக்க வேண்டிய பேச்சே இல்லை. தேவையில்லாமல் திரும்பத் திரும்பக் கொடுத்தால் புழுவுக்கு மருந்து பழகிவிடும். வான்கோழிகளின் உருண்டைப்புழுவில் ஃபென்பெண்டசோல் சரியாக வேலை செய்யாமல் போனதை ஏற்கெனவே கண்டறிந்திருக்கிறார்கள்.

மருந்து கொடுத்த பிறகு நான் செய்வது இதுதான். கூண்டில் மாட்டியிருக்கும் அட்டையில் மருந்தின் பெயர், கொடுத்த அளவு, முதல் நாள், கடைசி நாள் எழுதிவிடுவேன். காத்திருப்பு நாளை எண்ணத் தொடங்க வேண்டியது கடைசி மருந்து கொடுத்த நாளிலிருந்து. பலர் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள், ஐந்து நாள் மருந்தென்றால் அங்கேயே நாலு நாள் குறைந்துவிடும். அந்தக் காலத்தில் விழும் ஒவ்வொரு முட்டையின் ஓட்டிலும் பென்சிலால் தேதி போட்டுத் தனியாக வைத்துவிடுவேன். இல்லாவிட்டால் வீட்டில் யாராவது எடுத்து உடைத்துவிடுவார்கள். ஒதுக்கிய முட்டையை வேகவைத்துக் கோழிக்கே போடக் கூடாது, அந்த மருந்து மறுபடி முட்டைக்குத்தான் வரும். வேகவைத்தால் மருந்து போய்விடும் என்று நம்பி நாமும் சாப்பிடக் கூடாது. கொதிக்க வைப்பது கிருமிக்கு ஆகும், மருந்துக்கு ஆகாது. கிருமி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும்: எல்லோரும் பயப்படும் புழுவைவிட முட்டையில் உண்மையான ஆபத்து சால்மோனெல்லா. அதற்கு மஞ்சள் கரு இறுகும்வரை வேகவைத்தால் போதும்.

பக்கத்து வீட்டுப் பெண் ஒரு நாள் வேலி ஓரம் நின்று, "அக்கா, போன வாரம் கோழிக்குப் பூச்சி மருந்து கொடுத்தீங்களே, இந்த முட்டையைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்டாள். கூண்டிலிருந்த அட்டையைக் கழற்றிக் கொண்டுவந்து காட்டினேன். இன்ன மருந்து, இன்ன தேதியில் முடிந்தது, மருத்துவர் சொன்ன நாள் இது, நீ வாங்கும் முட்டை அதற்குப் பிறகு விழுந்தது என்று படித்துப் பார்த்துவிட்டு வாங்கிப் போனாள். முட்டை வாங்குகிற எல்லோரும் அப்படிக் கேட்க வேண்டும். கொடுக்கிறவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்ல வேண்டும்.

பூண்டு, பூசணி விதை கொடுத்தால் மருந்தே வேண்டாம் என்று எழுதுகிறார்கள். கொடுப்பதில் கெடுதல் இல்லை, ஆனால் குடல் நிறைந்த புழுவை அவை வெளியேற்றும் என்று நம்பி இளைத்துப்போன கோழியை விட்டுவிடாதீர்கள். உண்மையில் பலன் தருவது கூண்டை உலர்வாக வைப்பது. எச்சத்தோடு விழும் புழு முட்டை உடனே தொற்றாது. ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில்தான் தொற்றும் நிலைக்கு வரும். ஆனால் வந்துவிட்டால் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே மருந்து கொடுத்த கையோடு பழைய கூளத்தை அள்ளி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியுள்ள சேற்றைக் காயவிட்டு, தீவனத்தைத் தரையில் இறைக்காமல் தட்டில் போட்டு, மேயும் இடத்தையும் மாற்றினால் அடுத்த மருந்து வெகுநாள் தள்ளிப்போகும்.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். இனி கோழி, ஆடு, மாடு பற்றிய மருந்துக் குறிப்பு எதை அச்சிட்டாலும் மருந்தின் பெயர், எடைக்கு எவ்வளவு, எத்தனை நாள், கடைசி மருந்துக்குப் பிறகு முட்டைக்கும் பாலுக்கும் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்ற நான்கையும் சேர்த்தே அச்சிடுங்கள். நான்கில் ஒன்று விடுபட்டிருந்தாலும் அந்தக் குறிப்பை எழுதியவருக்கே திருப்பி அனுப்பிக் கேளுங்கள். முன்பு வந்த அந்த ஒரு வரிப் பதிலையும் இதே பகுதியில் ஒரு கால்நடை மருத்துவரைக் கொண்டு விரிவாகத் திருத்தி வெளியிட வேண்டும். அதை வெட்டி வைத்துக்கொண்டு கோழிக்கு மருந்து கொடுக்கக் காத்திருப்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

இப்படிக்கு,
கோழி வளர்க்கும் உங்கள் வாசகி